எவரெஸ்டுக்கு வழிகாட்டிய பரங்கிமலை

சென்னை மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானப் பிரயாணிகளின் கண்ணில் ஒரு சின்னஞ்சிறு மலை படும். அதுதான் பரங்கிமலை. உயரம் சுமார் 300 அடி. மலை என்று சொன்னால் நீலகிரிக்காரர்கள் சிரிப்பார்கள்! ஆனால், உலகத்திலேயே உயர்ந்த சிகரத்தின் உயரத்தைக் கணக்கிடுவதற்கு முதல் அடி எடுத்து வைத்த இடம் இதுதான்.

பெயர் வந்த கதை

இயேசுவின் சீடர் தோமையார் இங்கே உயிர் நீத்தார் என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. 1523-ல் போர்த்துக்கீசியர் உச்சியில் தேவாலயம் கட்டினார்கள். பரங்கியர் குடியேறிய மலை பரங்கிமலை ஆயிற்று என்பார்கள். 'இல்லை, பிருங்கி முனிவர் தவம் செய்த பிருங்கி மலைதான் மருவிற்று' என்று சொல்வோரும் உண்டு. இரு கட்சியும் இன்னும் விட்டுக் கொடுக்கவில்லை.

மலையின் கருங்கல்லுக்குக்கூடத் தனிப் பெயர் உண்டு: சார்னகைட். கல்கத்தாவில் ஆங்கிலேயர் குடியேற்றத்துக்கு வழிகோலிய ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இதே இனக் கல் இருந்ததால், அவர் பெயரையே சூட்டிவிட்டார்கள்.

வெயிலில் நீண்ட சங்கிலி

மலை என்றதும் குளிர்ச்சியை எதிர்பார்க்க வேண்டாம். இந்த உயரத்துக்கு உஷ்ணம் ஒரு டிகிரிகூடக் குறையாது. பிற்பகலில் கடற்காற்று வந்தால் உண்டு. இல்லாவிட்டால் கொதிக்கும் பாறைதான்.

இந்த வெயில்தான் வில்லியம் லாம்டனைச் சோதித்தது. 1802 ஏப்ரல் 10-ம் தேதி, மலையடிவாரத்திலிருந்து பெரும்பாக்கம் நோக்கி ஏழரை மைல் நிலத்தை அவர் அளக்கத் தொடங்கினார். கருவி 100 அடி எஃகுச் சங்கிலி. சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாகப் போய், அவர் வேண்டாமென்று ஒதுக்கிய சங்கிலி அது!

எஃகு சூட்டில் நீளும். 10 டிகிரி சென்டிகிரேடு ஏறினால் 100 அடிச் சங்கிலி சுமார் மூன்றரை மில்லிமீட்டர் நீளும். அற்பந்தானே என்று விட்டுவிட முடியுமா? ஏழரை மைலுக்கு அதை 400 தடவை போட வேண்டும். பிழை நாலரை அடியாகிவிடும்! அதனால் சங்கிலியை மரத்தொட்டிகளில் கிடத்தி, தெர்மாமீட்டர் பார்த்துப் பார்த்துக் கணக்கைத் திருத்தினார்கள். மே 22-ம் தேதிதான் வேலை முடிந்தது.

இந்த ஒரு கோட்டின் நீளம் தெரிந்தபின், கோணங்களை அளந்து முக்கோணம் முக்கோணமாக வடக்கே போகலாம். அப்படிப் போன சர்வே 1850-களில் 'பதினைந்தாம் சிகர'த்தின் உயரம் 29,002 அடி என்று கண்டது. இன்றைய கணக்கு 8,848.86 மீட்டர், அதாவது 29,032 அடி. அத்தனை தூரத்திலிருந்து கணக்கிட்டும் வித்தியாசம் 30 அடிதான்.

சிகரத்துக்கு, லாம்டனுக்குப் பின் சர்வேயை நடத்திய ஜார்ஜ் எவரெஸ்டின் பெயர் வைத்தார்கள். இந்தியர் வாயில் தம் பெயர் நுழையாது என்று அவரே ஆட்சேபித்தும் பயனில்லை. லாம்டனோ 1823-ல், சர்வே பாதியில் நிற்க, இன்றைய மகாராஷ்டிரத்திலுள்ள ஹிங்கன்காட்டில் காலமானார். பரங்கிமலையில் அவருக்கு ஒரு மார்பளவுச் சிலை இருக்கிறது.