மீன் தொட்டியில் எத்தனை மீன்கள்?

புதிதாக மீன் தொட்டி வாங்குவோர் வீடுகளில் அடிக்கடி நிகழ்வது இது. தொட்டி நிறைய வண்ண மீன்களை வாங்கி விடுவார்கள். முதல் சில நாட்கள் மீன்கள் துள்ளி விளையாடும். ஒரு வாரம் ஆனதும் ஒவ்வொன்றாக மேல்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பின்னர் இறந்து மிதக்கும். "தண்ணீர் பளிங்குபோல் தெளிவாக இருக்கிறதே!" என்று வீட்டார் வியப்பார்கள். கடைக்காரர் நோயுற்ற மீனைக் கொடுத்துவிட்டார் என்ற பழியும் எழும். ஆனால் பெரும்பாலும் குற்றம் மீனிலும் இல்லை, கடையிலும் இல்லை. தெளிந்த நீர் வேறு, மீனுக்கு ஏற்ற நீர் வேறு. இதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம்.

மூச்சுக் கணக்கு

60 செ.மீ. நீளமும், 30 செ.மீ. அகலமும், 30 செ.மீ. உயரமும் உள்ள தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேலே சற்று இடம் விட்டு நிரப்பினால் ஏறத்தாழ 50 லிட்டர் நீர் பிடிக்கும். 30° செல்சியசில் ஒரு லிட்டர் நீரில் கரையக்கூடிய ஆக்சிஜன் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான். ஆகவே தொட்டி முழுவதிலும் இருப்பது 375 மில்லிகிராம். ஒரு லிட்டர் காற்றிலோ ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஆக்சிஜன் உள்ளது. அதாவது, தொட்டியிலுள்ள ஆக்சிஜன் அனைத்தும் ஒன்றரை லிட்டர் காற்றுக்குள் அடங்கிவிடும்!

செலவாகும் ஆக்சிஜனை ஈடுசெய்யும் முக்கிய வழி நீரின் மேற்பரப்பே. நம் தொட்டியின் மேற்பரப்பு 1800 சதுர செ.மீ. அதே தொட்டியை நிமிர்த்தி உயரமாக நிறுத்தினால், நீரின் அளவு ஏறக்குறைய அதுவே. மேற்பரப்போ பாதியாகி, 900 சதுர செ.மீ. ஆகிவிடும். கழுத்துவரை நிரப்பிய கோளவடிவக் கண்ணாடிக் குடுவை மீனுக்கு ஏற்றதன்று என்பது இதனால்தான். மேலும், அசையாத நீரில் ஆக்சிஜன் விரவுவது காற்றில் விரவுவதைக் காட்டிலும் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவானது. காற்றுக் குமிழ்களின் முக்கிய வேலை அடியிலுள்ள நீரை மேலே கொண்டுவந்து காற்றுடன் சேர்ப்பதே.

தொட்டியில் நீர்ச்செடிகள் இருந்தால் பகலில் அவை ஆக்சிஜனை வெளிவிடும். இரவிலோ அவையும் மீன்களுடன் சேர்ந்து ஆக்சிஜனைச் செலவிடும். மீன்கள் விடியற்காலையில் திணறுவதற்கு இது ஒரு காரணம்.

நீளமா, எடையா?

'ஒரு காலன் நீருக்கு ஓர் அங்குல மீன்' என்ற பழைய விதி ஒன்று உண்டு. மிகச் சிறிய மீன்களுக்கு இது ஓரளவு பொருந்தும். ஆனால் 5 செ.மீ. மீனும் 10 செ.மீ. மீனும் ஒரே வடிவுடையவை எனில், நீளம் இரு மடங்கானால் எடை 2 × 2 × 2 = 8 மடங்காகும். அதன் ஆக்சிஜன் தேவை எட்டு மடங்கு உயராவிட்டாலும், இரு மடங்கைவிட மிகவும் கூடுதலாகவே இருக்கும். கடையில் விரல்நீளம் இருக்கும் தங்கமீன் முழு வளர்ச்சியில் எவ்வளவு இருக்கும் என்று கேட்டறிந்தே கணக்கிட வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத துப்புரவாளர்கள்

1850ஆம் ஆண்டில் ராபர்ட் வாரிங்டன் என்ற ஆங்கிலேய வேதியியலறிஞர் ஒரு சோதனையை லண்டன் வேதியியல் கழகத்திற்கு அறிவித்தார். ஐம்பது லிட்டருக்குச் சற்று அதிகமாகக் கொள்ளக்கூடிய கலனில் அவர் வைத்திருந்தவை இரண்டே தங்கமீன்கள், வாலிஸ்நேரியா செடிகள், பின்னர் அழுகும் இலைகளைத் தின்பதற்காகச் சில நன்னீர் நத்தைகள். செடி, விலங்கு இவற்றின் சமநிலையே நீரைக் காத்தது என்று அவர் விளக்கினார்.

ஆனால் அந்தச் சமநிலையில் மேலும் ஒரு பங்காளி உண்டு. அதை அறிய உதவியவர்களில் ஒருவர் அவருடைய மகனே! ராபர்ட் வாரிங்டன் என்ற அதே பெயருடைய அவர், ரோத்தம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் மண்ணை ஆராய்ந்து, அம்மோனியா முதலில் நைட்ரைட்டாகவும், பின்பு நைட்ரேட்டாகவும் நுண்ணுயிர்களால் மாற்றப்படுவதைக் காட்டினார். இந்த பாக்டீரியாக்களை 1890ஆம் ஆண்டையொட்டிப் பிரித்தெடுத்தவர் ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி. இரு படிகளையும் தனியாகவே செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைரா இனங்களும் உண்டு என்பது 2015இல் தெரியவந்தது.

மண்ணில் நடப்பதே தொட்டியிலும் நடக்கிறது. மீன் தின்ற புரதத்திலுள்ள நைட்ரஜனில் பெரும்பகுதி அம்மோனியாவாகச் செவுள்கள் வழியே வெளியேறுகிறது. அம்மோனியா செவுள்களைச் சிதைக்கும். நைட்ரைட் இரத்தத்தின் ஆக்சிஜன் ஏந்தும் திறனைக் குறைக்கும். நைட்ரேட்டின் தீமை இவற்றைவிட மிகக் குறைவு. இம்மூன்றும் நீரில் நிறமின்றிக் கரைந்திருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் மிகச் சிலவே இருக்கும். மணலிலும் வடிகட்டியின் பஞ்சிலும் அவை போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகலாம். அதற்குள் தொட்டியை மீன்களால் நிரப்பினால், முதலில் கூறிய விபரீதம் நேர்கிறது. ஆகவே இரண்டு மூன்று சிறு மீன்களுடன் தொடங்கி, சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும். பஞ்சைக் குழாய் நீரில் கழுவினால் அதிலுள்ள குளோரின் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அதை அலசுங்கள்.

வாரக் கணக்கு

இறுதியில் சேரும் நைட்ரேட்டை நீர் மாற்றித்தான் குறைக்க வேண்டும். வாரந்தோறும் லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரேட் கூடுகிறது, நாம் கால் பங்கு நீரை மாற்றுகிறோம் என்று கொள்வோம். புதுநீரில் நைட்ரேட் இல்லையெனில், தொட்டியின் அளவு மெல்ல ஏறி 40 மில்லிகிராமை நெருங்கி நின்றுவிடும். ஏனெனில் 40இல் கால் பங்கு 10. மீன்களையும் தீனியையும் இரு மடங்காக்கினால் அது 80இல் போய் நிற்கும். மீண்டும் 40க்குக் கொண்டுவர வாரந்தோறும் பாதி நீரை மாற்ற வேண்டும். ஆகவே 'எத்தனை மீன்கள்?' என்ற கேள்விக்குள் 'நீ எவ்வளவு நீர் மாற்றத் தயார்?' என்ற கேள்வியும் அடங்கியிருக்கிறது.

செய்து பாருங்கள்

அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் ஆகியவற்றை அளக்கும் சோதனைத் திரவங்கள் வண்ண மீன் கடைகளில் கிடைக்கும். புதுத் தொட்டி ஒன்றில் இரண்டு நாட்களுக்கொரு முறை அளந்து, வரைபடத்தாளில் மூன்று கோடுகளாகக் குறித்து வாருங்கள். அம்மோனியா ஏறி இறங்கும். அதன்பின் நைட்ரைட் ஏறி இறங்கும். நைட்ரேட் மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். முதல் இரண்டு கோடுகளும் சுழியைத் தொட்டு ஒரு வாரம் அப்படியே நின்ற பிறகு, அடுத்த மீனை வாங்கக் கடைக்குச் செல்லலாம்.