எண்ணுப்பெயரும் பெருக்கலும்

பெருக்கல் வாய்ப்பாட்டைப் பிழையின்றி ஒப்புவிக்கும் மாணவர் சிலர், ‘தட்டுக்கு ஆறு பழமாக நான்கு தட்டில் எத்தனை?’ என வினவினால், நான்கையும் ஆறையும் கூட்டிப் ‘பத்து’ என்பர். ஓசை நினைவில் நின்றும் பொருள் மனத்தில் பதியாமையே இதற்குக் காரணம். அதனைப் பதியவைக்கும் துணைகள் இரண்டு: ஒன்று, கைக்கு எட்டும் பொருள்; மற்றொன்று, நாவில் வழங்கும் தமிழ்.

கெடா மாநிலத் தோட்டங்களில் ரப்பர் மரங்கள் நிரைநிரையாக நிற்பவை. தோட்டத்தார் ‘நெரை’ என வழங்குவது இந்த ‘நிரை’ என்னும் பழஞ்சொல்லையே. ரப்பர்க் கொட்டைகளை நிரைக்கு ஆறாக மூன்று நிரைகளில் ஒரு பலகைமேல் அடுக்குக. மாணவர் காண்பது மூன்று ஆறுகள். அதுவே மூவாறு, பதினெட்டு. பலகையைக் கால்வட்டம் திருப்பினால் ஆறு மூன்றுகள். கொட்டைகள் கூடவுமில்லை, குறையவுமில்லை. எண்கள் இடம் மாறினும் பெருக்கற்பயன் மாறாது என்னும் விதி இங்கே கண்கூடாகிறது. சுங்கைப் பட்டாணி, கூலிம் முதலிய நகரங்களில் வளரும் பிள்ளைகளுக்கு முப்பது முட்டை கொள்ளும் தட்டு போதும்: வரிசைக்கு ஆறாக ஐந்து வரிசை, ஐயாறு முப்பது.

‘நிரைக்கு’, ‘தட்டுக்கு’ என்னும் சொற்களில் உள்ள ‘கு’ உருபு, ‘ஒவ்வொன்றிற்கும்’ என்னும் பொருளைத் தருகிறது. கணக்கை வாசிக்கும்போது அவ்வுருபைக் காணப் பழக்கினால், மாணவர் கூட்டுவதா பெருக்குவதா எனத் தடுமாறார்.

எண்ணுப்பெயர்களும் இவ்வாறே வழிகாட்டுகின்றன. பத்துக்கு முன் நிற்கும் எண் பெருக்கும். பின் நிற்கும் எண் கூட்டும். முப்பது என்பது மூன்று பத்து. பதின்மூன்று என்பது பத்தும் மூன்றும். பத்துகளின் வரிசையில் தொண்ணூறு மட்டுமே இவ்வமைப்புக்கு விலக்கு. ஆங்கிலத்திலோ ‘தேர்ட்டீன்’, ‘தேர்ட்டி’ இரண்டிலும் மூன்றே முன் நிற்கிறது; ஈற்றோசை ஒன்றே வேறுபடுத்துகிறது.

மலேசியப் பள்ளிகளில் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை 2003இல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்ப்பள்ளிகளும் அதற்கு உட்பட்டன. அதனைக் கைவிடும் முடிவை அரசு 2009இல் அறிவித்தது. பயிற்றுமொழி மீண்டும் தமிழானால் மட்டும் பயன் முழுமையாகாது. தமிழ் தரும் விளக்கமும் வகுப்பறைக்குள் வருதல் வேண்டும்.

ஆகவே ஆசிரியர் முதலில் பொருளை அடுக்கச் செய்க; அடுத்து ‘மூன்று ஆறுகள்’ எனச் சொல்லச் செய்க; பின்னர் ‘மூவாறு’ எனச் சுருக்குக; அதன்பின் 3 × 6 என எழுதுக. மனனம் இறுதியில் வரட்டும். அப்போது மாணவர் ஒப்புவிக்கும் ஒவ்வோர் அடியும் அவர் கண்டறிந்த உண்மையாக இருக்கும்.