கல்வெட்டும் கிராம சபையும்

ஏரி மதகைப் பழுது பார்ப்பதும், சாலை போடுவதும், குடிநீர்க் குழாய் அமைப்பதும் ஊராட்சியின் கடமைகள் என்பதை எவரும் ஒப்புக்கொள்வர். ஊரிலுள்ள பழைய கல்வெட்டைக் காப்பதும், நடுகல்லைப் பேணுவதும், கூத்துக் கலைஞரை ஆதரிப்பதும் ஊராட்சியின் கடமைகளா என்று கேட்டால் பலர் தயங்குவர். "அது தொல்லியல் துறையின் வேலை, நமக்கு மண்வெட்டி வேலையே தலைக்கு மேல் கிடக்கிறது" என்று கூறும் உறுப்பினர்களை நாம் கண்டிருக்கிறோம்.

எனினும், சற்றுக் கூர்ந்து நோக்கினால் பண்பாட்டுப் பணி வளர்ச்சிப் பணிக்குப் புறம்பானதன்று என்பது விளங்கும். ஊரின் பழம்பெருமை எவருக்குச் சொந்தம்? அதைப் பற்றிப் பேசும் உரிமை எவருக்கு உண்டு? இவ்விரு கேள்விகளுக்கும் ஓர் ஊர் எத்தகைய விடை காண்கிறதோ, அத்தகையதாகவே அவ்வூரின் மக்களாட்சியும் அமையும். இதனை நாம் அனைவரும் அறிந்த ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாக விளக்க விரும்புகிறோம்.

உத்தரமேரூர் கூறுவது

காஞ்சிபுரம் மாவட்டம் உத்தரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுவரில் முதலாம் பராந்தக சோழனுடைய காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று கி.பி. 919-ஆம் ஆண்டிலும், மற்றொன்று 921-ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பட்டவை. ஊரின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை இவை விரித்துரைக்கின்றன.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இக்காலத்து வார்டு போன்றதே குடும்பு. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவர். சிறியோர், பெரியோர் அனைவரும் கூடியிருக்கும் சபையில், சூது வாது அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். அதை வாங்குபவர் ஐந்து விரல்களும் விரிந்த உள்ளங்கையில் வாங்கி, யாவரும் கேட்கும்படி படிக்க வேண்டும். இவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டோரிலிருந்து சம்வத்சர வாரியத்துக்கு 12 பேரும், தோட்ட வாரியத்துக்கு 12 பேரும், ஏரி வாரியத்துக்கு 6 பேரும் அமைவர். அவர்களது பதவிக்காலம் 360 நாட்கள்.

இவற்றினும் நம் கருத்தைக் கவர்வது ஒரு விதி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவர் மீண்டும் தேர்வுக்கு உரியவர் அல்லர். அவருடைய நெருங்கிய உறவினரும் உரியவர் அல்லர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்டவர்கள் நம் முன்னோர். இன்று கிராம சபையில் எழுந்து நின்று வரவு செலவைக் கேட்பவர், மேல்நாட்டிலிருந்து வந்த புது வழக்கம் எதையும் பின்பற்றவில்லை. தம் மண்ணின் பழைய வழக்கத்தையே பின்பற்றுகிறார். இந்த எண்ணம் தரும் துணிவு சிறிதன்று. பழம்பொருளைக் காப்பது மக்களாட்சிக்கு உதவும் முதல் வழி இதுவே.

உத்தரமேரூர் கூறாதது

ஆயினும் கல்வெட்டின் ஒரு பாதியை மட்டும் படித்து மகிழ்வது நேர்மையாகாது. குடத்தில் பெயர் இடம்பெற எத்தகைய தகுதி வேண்டும் என்பதையும் அதே கல்வெட்டு தெளிவாகக் கூறுகிறது. கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும் வேண்டும். வேதக் கல்வி வேண்டும். வேதத்தோடு பாஷ்யமும் கற்றவராயின் அரைக்கால் வேலி நிலமே போதும். உத்தரமேரூர் ஒரு பிரமதேயம். அதாவது பிராமணர்க்கு அளிக்கப்பட்ட ஊர். அச்சபை அவர்களுடைய சபை. நிலமற்ற உழவர் பெயர் அக்குடத்தில் இல்லை. கைவினைஞர் பெயர் இல்லை. பெண்டிர் பெயரும் இல்லை. ஏரியில் இறங்கி மண் சுமந்தவர்கள் ஏரி வாரியத்தில் அமர இயலாது.

வேளாளர் முதலியோர் வாழ்ந்த ஊர்களில் 'ஊர்' என்னும் அவையும், வணிகர் வாழ்ந்த இடங்களில் 'நகரம்' என்னும் அவையும் சோழர் காலத்தில் இருந்தன. அவற்றிலும் எல்லா மக்களுக்கும் இடம் இருந்ததென்று கூற இயலாது.

இக்குறை நம் அரசியல் அமைப்பை வகுத்தோருக்குத் தெரியாததன்று. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய டாக்டர் அம்பேத்கர், கிராமம் என்பது குறுகிய மனப்பான்மைக்கும் வகுப்பு வேற்றுமைக்கும் உறைவிடமாக இருப்பதைச் சுட்டிக் கடுமையாக எச்சரித்தார். அதே மாதம் 22-ஆம் நாள், கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தின்படி, கிராமப் பஞ்சாயத்துகளை அமைக்க வேண்டும் என்னும் நெறி ஏற்கப்பட்டது. அதுவே இன்றைய 40-ஆவது பிரிவு. பழைமையைப் போற்றியவர் கூற்றிலும் உண்மை இருந்தது. எச்சரித்தவர் கூற்றிலும் உண்மை இருந்தது. இரண்டையும் ஒருங்கே நினைவில் வைப்பதே நல்ல பண்பாட்டுக் கொள்கையின் அடிப்படை.

மற்றொன்றையும் நோக்குக. 919-ஆம் ஆண்டின் விதிப்படி உறுப்பினர் வயது 30 முதல் 60 வரை. இரண்டே ஆண்டுகளில் அது 35 முதல் 70 வரை என மாற்றப்பட்டது. தாம் வகுத்த விதியில் குறை கண்டபோது அச்சபையார் அதைத் திருத்திக்கொண்டனர். ஆகவே, "முன்னோர் அவ்வாறு செய்தனர், நாம் மாற்றலாகாது" என்பது முன்னோரையே அறியாதவர் பேச்சாகும்.

நாம் செய்த ஒரு தவறு

நாம் பணி புரிந்த ஒன்றியத்தில், ஒரு சிற்றூரின் ஊராட்சி அலுவலக வாயிலில் ஊர் வரலாற்றைக் கூறும் பலகை ஒன்று வைப்பதெனத் தீர்மானித்தோம். ஊர்ப் பெரியவர் இருவரைக் கேட்டு, வாசகத்தை நாமே எழுதினோம். கோயிலின் பழைமை, அதற்குக் கொடை அளித்த அரசன், மண்டபம் கட்டிய குடும்பம் ஆகியவை அதில் இடம்பெற்றன. கிராம சபையில் அதைப் படித்துக் காட்டினோம்.

படித்து முடித்ததும், ஏரிக்கரைக்கு அப்பாலுள்ள குடியிருப்பைச் சேர்ந்த ஒரு மூதாட்டி எழுந்தார். "ஐயா, மண்டபம் கட்டியவர் பெயரை எழுதினீர்கள். மண்டபம் விழுந்தாலும் ஊர் பிழைத்திருக்கும். ஏரி உடைந்தால் பிழைக்குமா? மடை திறந்து, வயல் வயலாக நீர் பாய்ச்சி, மழை இரவில் கரையில் படுத்துக் காவல் காத்த நீர்க்கட்டிகள் எங்கள் தெருவினர். அவர்கள் ஊர் வரலாற்றில் இல்லையா?" என்று கேட்டார்.

சபையில் சலசலப்பு எழுந்தது. "கூலி வாங்கிக்கொண்டு செய்த வேலைதானே" என்று ஒருவர் கூறினார். "மண்டபம் கட்டிய கொத்தனும் கூலி வாங்கினான்" என்று மற்றொருவர் விடையிறுத்தார். அன்று பலகை முடிவாகவில்லை. தவறு நம்முடையதே என்பதை நாம் உணர்ந்தோம். இருவரைக் கேட்டு ஓர் ஊரின் வரலாற்றை எழுதியது, குடத்தில் சிலர் பெயரை மட்டும் இட்டதற்கு ஒப்பாகும் அன்றோ?

அதன்பின் ஊர்ச் செயலரும் மகளிர் குழுவினரும் தெருத்தெருவாகச் சென்று முதியோரைக் கேட்டு எழுதினர். நீர்க்கட்டி முறையும், குயவர் தெருவின் பழைய சூளையும், தர்காவின் சந்தனக்கூடு விழாவுக்கு எல்லாத் தெருவினரும் அரிசி கொடுத்த வழக்கமும் பலகையில் ஏறின. ஊரிலிருந்த மனக்கசப்பு முற்றும் நீங்கிற்று என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் அடுத்த கிராம சபைக்கு அக்குடியிருப்பிலிருந்து முன்னினும் மிகுதியானோர் வந்தனர். வந்தவர்கள் பலகையைப் பற்றிப் பேசவில்லை. மதகு வேலையின் கணக்கைக் கேட்டனர். ஊரின் வரலாற்றில் தமக்கு இடம் உண்டு என்று அறிந்தவரே ஊரின் கணக்கைக் கேட்கவும் முன்வருவர் என்பதை அன்று கற்றுக்கொண்டோம்.

சட்டம் தரும் துணை

இத்துறையில் ஊராட்சிக்கு அதிகாரம் உண்டா என்ற ஐயம் வேண்டியதில்லை. 1992-இல் நிறைவேறி 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது திருத்தம், அரசியல் அமைப்பில் 11-ஆவது அட்டவணையைச் சேர்த்தது. ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 பொருள்களுள் நூலகமும் பண்பாட்டு நடவடிக்கைகளும் அடங்கும். நமது கூட்டுப் பண்பாட்டின் மரபுச் செல்வத்தைப் பேணுவது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று 51-அ பிரிவு கூறுகிறது. தனக்கென மொழியும் எழுத்தும் பண்பாடும் உடைய எப்பிரிவினரும் அவற்றைக் காத்துக்கொள்ளலாம் என்று 29-ஆவது பிரிவு உறுதி அளிக்கிறது.

பழம்பொருளைக் காத்தால் மட்டும் போதாது. அங்கே செல்லும் உரிமையும் எல்லோர்க்கும் வேண்டும். 1939 ஜூலை 8 அன்று ஏ. வைத்தியநாத ஐயர் தலைமையில், ஒடுக்கப்பட்ட வகுப்பினர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் நுழைந்து வழிபட்டனர். அவர்களுள் பி. கக்கனும் ஒருவர். 1947-இல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறியது. பொதுக் கிணறு, குளம், படித்துறை, சாலை ஆகியவற்றைப் பயன்படுத்துவதில் சாதி, மதம், பால், பிறப்பிடம் பற்றித் தடை கூடாது என்பது அரசியல் அமைப்பின் 15-ஆவது பிரிவு. சிலர்க்கு மட்டும் திறந்திருக்கும் படித்துறையை ஊரின் பொதுச் சொத்து என்று எவ்வாறு கூறுவது?

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

முதலாவதாக, ஒவ்வொரு ஊராட்சியும் தன் ஊரின் மரபுச் செல்வங்களுக்கு ஒரு பதிவேடு வைத்தல் நலம். கோயில், தேவாலயம், பள்ளிவாசல், நடுகல், பழைய மதகு, காவுத்தோப்பு, கூத்து, பறையாட்டம், கும்மிப் பாட்டு, நாட்டு விதை ஆகிய அனைத்தும் அதில் இடம்பெறலாம். எல்லாத் தெருவினரையும் கேட்டு எழுதிக் கிராம சபையில் படித்து ஒப்புதல் பெறுதல் வேண்டும். தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது. அவற்றுள் ஒன்றை இதற்கெனப் பயன்படுத்தலாம்.

இரண்டாவதாக, திருப்பணி என்னும் பெயரால் கல்வெட்டின் மீது சுண்ணாம்பு பூசுதலும், சிமெண்டு இடுதலும், மணல் வீச்சு இயந்திரத்தால் தேய்த்தலும் கூடா. அழிந்த எழுத்து மீண்டும் வாராது. வேலை தொடங்குமுன் தொல்லியல் துறைக்குத் தெரிவித்தல் வேண்டும். மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்பத் தடை உண்டு. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை முன் அனுமதி பெற வேண்டும்.

மூன்றாவதாக, உழவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஏர் ஓட்டும்போதும் கிணறு வெட்டும்போதும் பழங்காசு, சிலை முதலியன கிடைக்கலாம். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி அவற்றை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தல் வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் அல்லது வட்டாட்சியர் வாயிலாகத் தெரிவிக்கலாம். மறைத்தல் குற்றமாகும். கண்டெடுத்தவருக்கு ஈடு அளிக்கவும் சட்டத்தில் வழி உண்டு. சிவகங்கை மாவட்டம் கீழடியில் தென்னந்தோப்புகளின் அடியில் கிடைத்த பொருள்களே 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் இன்று பலரும் காணும் செல்வமாக விளங்குகின்றன.

நான்காவதாக, கலைஞரை மதித்தல் வேண்டும். பறை இசைப்பவரை இழவு வீட்டுக்குக் கட்டாயப்படுத்தி அழைப்பது பண்பாடு காத்தலாகாது. விருப்பத்தோடு வருபவருக்கு உரிய ஊதியமும் மேடையில் சம இடமும் அளிப்பதே பண்பாடு. கலை வாழ வேண்டும். அதனோடு பிணைந்திருந்த இழிவு ஒழிய வேண்டும்.

முடிவாக

2016-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் தமிழக ஊராட்சிப் பதவிகளில் சரி பாதி மகளிர்க்கு ஒதுக்கப்பட்டுள்ளது. உத்தரமேரூர்க் குடத்தில் இல்லாத பெயர்கள் இன்று வாக்குச்சீட்டில் இடம்பெறுகின்றன. ஊர் வரலாற்றிலும் அவை இடம்பெறச் செய்வது நம் கையில் உள்ளது.

ஓலையை வாங்குபவர் ஐந்து விரல்களையும் விரித்துக் காட்ட வேண்டும் என்று பழைய சபையார் விதித்ததற்குக் காரணம் வெளிப்படை. கையில் எதையும் ஒளித்து வைத்திருக்கவில்லை என்பது எல்லோர்க்கும் தெரிய வேண்டும். ஊரின் கணக்கையும் ஊரின் வரலாற்றையும் அவ்வாறே விரித்த கையோடு சபையின் முன் வைப்போமாக.