மதில்மேற் பூனை

எப்பக்கமும் சாராது தயங்கி நிற்பவனை ‘மதில்மேற் பூனை’ என்று எள்ளி நகையாடுவது நம்மவர் வழக்கம். அந்தப் பூனையின் சார்பில் நியாயம் பேச இதுவரை எவரும் முன்வந்ததில்லை. எந்தப் பக்கம் குதிப்பது என்று அறியாமல் அது திகைத்திருக்கிறது என்பது நமது கற்பனையே. உண்மையில் அதற்கு இரு பக்கமும் வேண்டியவை. இந்தப் பாடத்தைத் திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் எங்களுக்குக் கற்பித்தவை இரண்டு பூனைகள்.

துறைமுகத்துக்கும் பூனைக்கும் உள்ள உறவு மிகப் பழையது. சைப்பிரஸ் தீவில், ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட மனிதர் ஒருவரின் அருகே பூனையொன்றும் புதைக்கப்பட்டிருந்ததை ஆய்வாளர் 2004ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அத்தீவில் இயற்கையாகப் பூனையினம் இருந்ததில்லை. ஆதலின் மனிதரே அதனைக் கடல் கடந்து கொண்டுசென்றிருத்தல் வேண்டும். பிற்காலத்தில் தானியத்தையும் கயிற்றையும் எலிகளிடமிருந்து காப்பதற்காகக் கப்பல்தோறும் பூனை வளர்த்தனர். திருகோணமலையை 1957 வரை தளமாகக் கொண்டிருந்த பிரித்தானியக் கடற்படையும் அவ்வாறே வளர்த்து, 1975ஆம் ஆண்டிலேயே அவ்வழக்கத்தைத் தடை செய்தது.

நம் முன்னோரும் பூனையை மறந்தாரில்லர். ‘வெருகு’ என்ற காட்டுப் பூனையின் இளமைப் பெயர் ‘குட்டி’ என்று தொல்காப்பியத்தின் மரபியல் வரையறுக்கிறது. கவிச்சக்கரவர்த்தி கம்பரோ, இராம காதையைப் பாடப் புகுந்த தம்மைப் பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிட எண்ணிய பூனைக்கு ஒப்பிட்டு அவையடக்கம் கூறினார்.

இனி எங்கள் கதைக்கு வருவோம். எங்கள் வீட்டில் ‘செல்லி’ என்றொரு வெள்ளைப் பெட்டைப் பூனை வளர்ந்தது. மதிலுக்கு அப்பால் வாழ்ந்த முஸ்லிம் குடும்பத்தார் ‘சுல்தான்’ என்ற கறுப்புக் கடுவனை வளர்த்தனர். முதலில் சில நாட்கள் இரண்டும் மதிலின் இரு முனைகளில் அமர்ந்து சீறின. பின்னர் இடைவெளி நாளுக்கு நாள் சுருங்கியது. ஒரு மாலை, வாலை நேரே உயர்த்தியபடி ஒன்றையொன்று அணுகிக் கன்னத்தோடு கன்னம் உரசிக்கொண்டன. உயர்த்திய வால் பூனைகளிடையே நல்லெண்ணத்தின் அறிகுறியாகும். கன்னங்களில் மணச் சுரப்பிகள் உள்ளமையால், உரசும்போது ஒன்றின் மணம் மற்றொன்றின்மீது படிகிறது.

அவை நெருங்கிய அதே நாட்களில் மனிதராகிய நாங்கள் பிரிந்தோம். அவர்கள் முற்றத்தில் உலர்த்தியிருந்த கருவாட்டைச் செல்லி இழுத்து வந்துவிட்டது. அவர்கள் முறையிட்டார்கள், நாங்கள் மறுத்தோம். வார்த்தை தடித்தது. பெருநாளுக்கு வட்டிலப்பமும் பொங்கலுக்குப் புக்கையும் கைமாறிய அந்த மதிலின் மேலாகப் பல மாதங்கள் ஒரு வார்த்தையும் செல்லவில்லை.

மார்கழி மழை பெய்த ஓர் இரவு செல்லி வீடு திரும்பவில்லை. மறுநாளும் காணவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டுப் பார்க்கலாம் என்று மனம் சொல்லியது, மானம் தடுத்தது. மூன்றாம் நாட் காலையில் மதிலுக்கு மேலாக ஒரு குரல் கேட்டது.

“மகள், உங்கட பூனை எங்கட விறகுக் கொட்டிலுக்குள்ள குட்டி போட்டிருக்கு. மூண்டு குட்டி. வந்து பாருங்க.”

அவ்வீட்டு உம்மாவின் குரல் அது. ஓடிச் சென்று பார்த்தேன். பழைய சாக்கு விரித்து, மழைச் சாரல் படாமல் தகரத்தால் மறைத்து, அருகில் மீனும் வைத்திருந்தார். “கண் திறக்குமட்டும் அசைக்க வேணாம், மகள்” என்றார். நபித் தோழர் ஒருவர் ‘பூனைக்குட்டியின் தந்தை’ என்று பொருள்படும் அபூ ஹுரைரா என்ற பெயராலேயே வழங்கப்பட்டதை அன்றுதான் அவர் வாயால் அறிந்தேன். கருவாட்டைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. “உம்மா, மன்னிச்சுக் கொள்ளுங்கோ” என்று மட்டும் சொன்னேன்.

அன்று மற்றோர் உண்மையும் வெளிப்பட்டது. செல்லிக்கு எங்கள் வீட்டில் போதிய உணவில்லை என்று அவர்களும், சுல்தானை அவர்கள் கவனிப்பதில்லை என்று நாங்களும் எண்ணி, இரு வீட்டாரும் இரு பூனைகளுக்கும் இரவு பகலாக உணவிட்டு வந்திருக்கிறோம்! இரண்டும் பருத்துப் போனதன் இரகசியம் அப்பொழுதுதான் விளங்கியது.

சிரிப்பு ஓய்ந்தபின் பெரிய கேள்வி எழுந்தது. மூன்று குட்டிகளுக்கும் பொறுப்பு யாருடையது? இக்கேள்விக்கு விடை காணாத வீடுகளிலிருந்துதான் கண் திறவாக் குட்டிகள் சாக்கில் கட்டப்பட்டுக் கடற்கரையிலும் சந்தையோரத்திலும் எறியப்படுகின்றன. ‘உன் பூனை’ என்று இவரும், ‘உன் கடுவன்’ என்று அவரும் கைகழுவ, பழியறியா உயிர்கள் மடிகின்றன. பூனையின் கர்ப்பகாலம் ஏறத்தாழ ஒன்பது வாரங்களே. ஆண்டுக்கு இருமுறையோ மும்முறையோ ஈனக்கூடும். எனவே இரக்கம் மட்டும் போதாது, முன்யோசனையும் வேண்டும்.

இரு வீட்டாரும் கூடிப் பேசினோம். ஆளுக்கொரு குட்டி; மூன்றாவது உறவினர் வீட்டுக்கு. செல்லிக்கும் சுல்தானுக்கும் மிருக வைத்தியரிடம் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்துச் செலவைச் சரிபாதியாகப் பகிர்ந்தோம். நீர்வெறுப்பு நோய்க்கான தடுப்பூசியும் போடுவித்தோம். அந்நோய் நாயினால் மட்டுமன்றிப் பூனையினாலும் பரவும் என்பதை மாணவர்கள் மனத்திற் கொள்ளல் நலம். பூனை கடித்தாலோ கீறினாலோ, காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வெங்காயமும் பூண்டும் பூனைக்கு நஞ்சாகும். ஆதலின் கறிச்சோறு இடும் வழக்கத்தையும் இரு வீட்டாரும் கைவிட்டோம்.

குட்டிகள் பிறந்து இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரையுள்ள காலத்தில் அவற்றை அன்போடு கையாண்டால், ஆயுள் முழுவதும் அவை மனிதரை அஞ்சுவதில்லை. ஆகவே இரு வீட்டுப் பிள்ளைகளும் நாள்தோறும் அந்தக் கொட்டிலிற் கூடினர். குட்டிகள் மனிதரோடு பழகின. பிள்ளைகள் ஒருவரோடொருவர் பழகினர். எதனால் எது வளர்ந்தது என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலாது.

வளர்ந்த பூனைகள் தம்முள் ‘மியாவ்’ என்று அழைத்துக்கொள்வது அரிது. அக்குரலைப் பெரும்பாலும் மனிதருக்கென்றே அவை வைத்திருக்கின்றன. நம்மோடு பேசுவதற்கு ஒரு வாயற்ற ஜீவன் ஒரு குரலைக் காத்து வைத்திருக்க, வாயுள்ள நாம் அயலாரோடு பேசாதிருப்பது எவ்வளவு பேதைமை!

மதில் இன்றும் நிற்கிறது. அது தேவையானதே, வீட்டுக்கு வீடு எல்லை வேண்டும். ஆனால் மாலை வேளையில் அதன்மேல் இரு பூனைகள் அருகருகே அமர்ந்திருக்கக் காணும்போது, இனி எவரையும் ‘மதில்மேற் பூனை’ என்று இகழ எனக்கு நாவெழுவதில்லை.