போனஸ் பணத்தில் வைரத்தோடு வாங்கப்போறீங்களா? பனியன் கம்பெனி கண்ணோடு கல்லைப் பாருங்க!

திருப்பூரிலிருந்து பல்லடம் போகும் சாலையில் இருக்கிறது அருள்புரம். நிட்டிங், டையிங், காம்பாக்டிங், ஸ்டிச்சிங் என்று பனியனைச் சுற்றியே ஓடும் ஊர். சனிக்கிழமை சம்பளமும், நோம்பிக்கு முன்னால் வரும் போனஸும்தான் இங்கே பல வீடுகளின் பெரிய செலவுகளைத் தீர்மானிக்கின்றன. கொஞ்ச வருஷம் முன்புவரை அந்தப் பணத்தில் அரைப்பவுன், ஒரு பவுன் என்று தங்கம் சேர்ப்பார்கள். இப்போது தங்கம் விற்கிற விலையில், 'அதே காசுக்கு வைர மூக்குத்தி வாங்கிடலாமே, வைரத்தோடு எடுத்துடலாமே' என்ற எண்ணம் பலருக்கும் வருகிறது. கடைகளும் மாதச் சீட்டு, சலுகை என்று அழைக்கின்றன.

வாங்கலாம், தப்பில்லை. ஆனால், தங்கத்தைப் போல எடை போட்டு, அன்றைய ரேட்டால் பெருக்கி விலை சொல்லும் பொருள் அல்ல வைரம். ஒரே அளவில் இருக்கும் இரண்டு கற்களின் விலை பல மடங்கு வித்தியாசப்படலாம். ஏன் என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போவது நல்லது. பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு இது ஒன்றும் கஷ்டமான பாடமில்லை. எடை, ஷேடு, செக்கிங், கட்டிங் என நீங்கள் தினமும் பார்க்கிற நாலு விஷயம்தான் வைரத்திலும்!

எடை: இந்த கேரட் வேறு, அந்த கேரட் வேறு

தங்கத்தில் 22 கேரட், 18 கேரட் என்றால் சுத்தம். வைரத்தில் கேரட் என்றால் எடை. 1 கேரட் என்பது 200 மில்லிகிராம். அதை 100 ஆகப் பிரித்தால் ஒரு 'சென்ட்'. கடையில் '5 சென்ட் கல்' என்றால் 10 மில்லிகிராம் எடையுள்ள வைரம்.

எடை கூடக் கூட ஒரு கேரட்டுக்கான ரேட்டும் ஏறும் என்பதுதான் இங்கே முக்கியம். பெரிய கல் கிடைப்பது அரிது என்பதால், 70 சென்ட் எடையில் ஒற்றைக் கல்லுக்கு உள்ள மதிப்பு, 5 சென்ட் கற்கள் 14 சேர்ந்து 70 சென்ட் ஆகும்போது கிடையாது. நம் ஊர் ஏழு கல் தோடு ஒரு ஜோடிக்கு 14 கல். எனவே 'மொத்தம் 70 சென்ட்' என்று மட்டும் சொன்னால் போதாது. கல் எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை சென்ட் என்று கேளுங்கள்.

நிறம்: லைட் பாக்ஸ் இல்லாமல் ஷேடு பார்க்கலாமா?

டையிங்கிலிருந்து வந்த துணியை டியூப் லைட் வெளிச்சத்தில் பார்த்து யாரும் ஓகே சொல்ல மாட்டார்கள். லைட் பாக்ஸில் வைத்து, அப்ரூவல் சாம்பிளோடு ஒப்பிட்டுத்தான் ஷேடை முடிவு செய்வார்கள். வைரத்தின் நிறத்தை ஆய்வகத்தில் பார்ப்பதும் இப்படித்தான். பகல் வெளிச்சத்துக்கு இணையான விளக்கின் கீழ், நிறம் உறுதி செய்யப்பட்ட மாதிரிக் கற்களோடு ஒப்பிடுவார்கள்.

1931-ல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஜி.ஐ.ஏ என்ற ரத்தினவியல் நிறுவனம் வகுத்த அளவுகோலைத்தான் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். ஆங்கில எழுத்து 'டி'-யில் ஆரம்பித்து 'இசட்' வரை 23 படிகள். டி, இ, எஃப் என்றால் நிறமே இல்லாதவை. ஜி முதல் ஜே வரை ஏறக்குறைய நிறமற்றவை. அதற்கும் கீழே போகப் போக மஞ்சள் தெரியும்.

நகைக்கடையின் பளீர் விளக்கில் எல்லாக் கல்லும் ஜொலிக்கும். வாசல் பக்கம் பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், வெள்ளைத்தாள் மேல் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். இன்னொரு விஷயம், மஞ்சள் தங்கத்தில் பதித்துவிட்டால் ஜி, ஹெச் நிறக் கல்லின் லேசான மஞ்சள் கண்ணுக்கு எளிதில் தெரியாது. அதனால், மஞ்சள் தங்கத்தில் தோடு வாங்குபவர்கள் 'டி' கிரேடுக்காக அதிகம் செலவழிக்கத் தேவையில்லை.

நம் வீட்டுப் பெரியவர்கள் 'ப்ளூ ஜாகர்' கல்தான் வேண்டும் என்பார்கள். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்தில் கிடைத்த நீலச்சாயல் வைரங்களால் வந்த பெயர் அது. இன்று ஒரு கடையில் அந்தப் பெயரைச் சொன்னால், பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். சான்றிதழில் என்ன நிறம் என்று போட்டிருக்கிறது எனப் பாருங்கள்.

தெளிவு: சிலப்பதிகாரம் செய்த செக்கிங்

ஹோல், ஊசிக்கோடு, எண்ணெய்க்கறை, நூல் விட்டது என்று செக்கிங் டேபிளில் துணியின் குற்றங்களுக்கு ஒவ்வொரு பெயர் இருப்பதுபோல, வைரத்தின் குற்றங்களுக்கும் தமிழில் பழைய பெயர்கள் உண்டு. மதுரையின் ரத்தினக் கடைவீதியை வர்ணிக்கும் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை, வைரத்தில் இருக்கக்கூடாத நான்கு குற்றங்களைப் பட்டியல் போடுகிறது. புள்ளியாகத் தெரியும் விந்து, கோடாக ஓடும் ரேகை, கறைபோல் படிந்த களங்கம், காக்கையின் கால்போலப் பிரியும் காகபாதம். இன்றைய ஆய்வகங்கள் கல்லுக்குள் தேடும் புள்ளி, ஊசிக்கோடு, மேகம், விரிசல் ஆகியவற்றுக்கு ரொம்பவே நெருக்கமான பட்டியல் இது.

இப்போது பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்து 11 படிகளாகப் பிரிக்கிறார்கள். குறையே இல்லாத கல் உச்சியில். அடுத்து ஐ.எஃப், பிறகு வி.வி.எஸ், வி.எஸ், எஸ்.ஐ, கடைசியில் ஐ. வி.வி.எஸ் என்றால் லென்ஸில்கூடக் கண்டுபிடிப்பது கஷ்டம். வி.எஸ் கல்லின் குறையும் வெறும் கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியாது. ஐ என்றால் கண்ணுக்கே தெரியலாம். 3 சென்ட், 5 சென்ட் கற்களில் வி.வி.எஸ்ஸுக்கும் வி.எஸ்ஸுக்கும் உள்ள வித்தியாசத்தை, தோட்டைப் பார்க்கும் உங்கள் சொந்தக்காரர் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை!

பட்டை: கட்டிங் மாஸ்டர் கையில் இருக்கு

எவ்வளவு நல்ல துணியாக இருந்தாலும் கட்டிங் தப்பினால் பீஸ் தேறாது. வைரமும் அப்படியே. மற்ற மூன்றும் இயற்கை கொடுத்தது. பட்டை மட்டும் மனிதன் கைவேலை. வட்டமான 'பிரில்லியன்ட்' கல்லுக்கு 57 அல்லது 58 முகங்கள் உண்டு. அந்த முகங்கள் எந்தக் கோணத்தில் இருந்தால் உள்ளே போகும் ஒளி அதிகமாகத் திரும்பி வரும் என்று 1919-ல் கணக்குப் போட்டுச் சொன்னவர் மார்செல் டோல்கோவ்ஸ்கி. கல் அதிக ஆழமாக இருந்தாலும், தட்டையாக இருந்தாலும் ஒளி அடிப்பக்கம் வழியே ஒழுகிவிடும். நிறமும் தெளிவும் நன்றாக இருந்தும் கல் மங்கலாகத் தெரிவது இதனால்தான்.

எனவே, பட்ஜெட் இடித்தால் நிறத்திலும் தெளிவிலும் ஒரு படி இறங்குங்கள். பட்டையில் இறங்காதீர்கள்.

லேப் வைரம் போலியா?

இல்லை. 'அமெரிக்கன் டைமண்ட்' எனப்படும் க்யூபிக் சிர்கோனியா வேறு பொருள், வைரமே அல்ல. ஆனால், ஆய்வகத்தில் வளர்க்கும் வைரம் நிஜ வைரம்தான். அதுவும் கார்பன்தான், அதே கடினம், அதே ஜொலிப்பு. பூமிக்குள் கோடிக்கணக்கான வருடங்களில் உருவாவதை, இயந்திரத்தில் சில வாரங்களில் வளர்த்துவிடுகிறார்கள். இந்தியாவில் சூரத் இதற்குப் பெரிய மையம். நம் சென்னை ஐ.ஐ.டி-யிலும் இதற்கென ஓர் ஆராய்ச்சி மையத்துக்கு மத்திய அரசு நிதி ஒதுக்கியிருக்கிறது.

விலையில்தான் பெரிய வித்தியாசம். இயற்கை வைரத்தைவிடப் பல மடங்கு மலிவு. உற்பத்தி பெருகப் பெருக இன்னும் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. அழகுக்காக வாங்கினால் தாராளமாக வாங்கலாம். ஆனால், இயற்கை வைரத்தின் விலை கொடுத்து வாங்கிவிடக் கூடாது. வெறும் கண்ணாலும் லென்ஸாலும் இரண்டையும் பிரித்தறிய முடியாது. மூச்சுக்காற்றை ஊதிப் பார்ப்பது, தண்ணீரில் போட்டுப் பார்ப்பது எல்லாம் இங்கே உதவாது. ஆய்வகச் சான்றிதழ்தான் ஒரே வழி. 'இயற்கை வைரம்' என்று பில்லிலும் எழுதி வாங்குங்கள்.

அடகுக் கடையில் கல்லுக்கு மதிப்பில்லை

நம் ஊரில் நகை என்பது போட்டுக்கொள்ள மட்டுமல்ல. ஜூன் மாதம் ஸ்கூல் ஃபீஸ், ஆர்டர் இல்லாத மாதங்களில் வாடகை, திடீர் ஆஸ்பத்திரிச் செலவு என்று எல்லாவற்றுக்கும் பீரோவிலிருந்து வெளியே வருவது நகைதான். இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள்.

நகைக்கடன் கல்லுக்குக் கிடைக்காது. வங்கியும் நிதி நிறுவனமும் கல்லின் எடையைக் கழித்துவிட்டு, தங்கத்தின் மதிப்பை மட்டுமே கணக்கில் எடுக்கும். ரிசர்வ் வங்கியின் விதியும் அதுவே. உதாரணத்துக்கு, 1,50,000 ரூபாய்க்கு ஒரு ஜோடித் தோடு எடுக்கிறீர்கள். அதில் தங்கம் 60,000, வைரம் 70,000, செய்கூலியும் ஜி.எஸ்.டி-யும் 20,000 என்று வைத்துக்கொள்வோம். அவசரத்துக்கு அடகு வைக்கப் போனால், கடன் அந்த 60,000 ரூபாய் தங்கத்தின் மேல்தான். அதிலும் ஒரு பகுதிதான் கைக்கு வரும். விற்கப் போனாலும், வாங்கிய கடையைத் தவிர மற்ற கடைகள் பெரும்பாலும் வைரத்துக்கு நல்ல விலை தருவதில்லை.

ஆகவே, ஆத்திர அவசரத்துக்கு உதவ வேண்டிய சேமிப்புப் பணத்தை வைரத்தில் போடாதீர்கள். அதற்குத் தங்கமே போதும். ஆசைக்கு என்று தனியாக எடுத்துவைத்த பணத்தில் வைரம் வாங்குங்கள்.

பில் போடும் முன்...

* ஹால்மார்க்கும் ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி எண்ணும் தங்கத்தின் சுத்தத்துக்கு மட்டுமே சாட்சி. பி.ஐ.எஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். வைரத்தின் தரத்தை அது சொல்லாது.

* வைரத்துக்கு ஜி.ஐ.ஏ, ஐ.ஜி.ஐ போன்ற ஆய்வகச் சான்றிதழ் கேளுங்கள். அதிலுள்ள எண்ணை அந்த ஆய்வகத்தின் இணையதளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். சிறிய கற்கள் உள்ள நகைக்குப் பெரும்பாலும் முழு நகைக்கும் சேர்த்து ஒரே சான்றிதழ்தான் இருக்கும்.

* பில்லில் தங்கத்தின் நிகர எடை, தங்கம் எத்தனை கேரட், வைரத்தின் எடை, எண்ணிக்கை, நிறம், தெளிவு, செய்கூலி எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். கல்லின் எடைக்கும் சேர்த்துத் தங்க விலை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

* திரும்பக் கொடுத்தால் எத்தனை சதவிகிதம் கிடைக்கும், அது பணமாகவா, மாற்று நகையாகவா, கணக்கிடுவது வாங்கிய விலையிலா, அன்றைய விலையிலா என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய் வார்த்தை நாளைக்கு நிற்காது.

* பிரச்னை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். பில்லும் சான்றிதழும் பத்திரமாக இருந்தால்தான் அங்கேயும் பேச முடியும்.

வாங்கிய பிறகு ஒரு சின்னக் கவனிப்பு. வைரத்தில் எண்ணெய்ப்பிசுக்கு சீக்கிரம் ஒட்டும். தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிக்கும் நாளில் தோட்டைக் கழற்றிவையுங்கள். மங்கினால், மிதமான சோப்புக் கலந்த வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். வைரம் மற்ற நகைகளைக் கீறிவிடும் என்பதால் தனி டப்பாவில் வையுங்கள்.