சூரியப் படமும் உடலின் உட்படமும்

மருத்துவமனையில் எடுக்கப்படும் சி.டி. ஸ்கேன் படத்தைப் புகைப்படம் என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது கணக்கிட்டு வரையப்படும் படமாகும். அக்கணக்கின் முக்கிய முறையொன்று, வானத்தை ஆராய்ந்த ஒரு மின் பொறியியல் பேராசிரியரின் பணியில் உருவாயிற்று.

ரொனால்ட் பிரேஸ்வெல் 1921-ல் சிட்னியில் பிறந்தார். அந்நகரப் பல்கலைக்கழகத்திலும் கேம்பிரிட்ஜிலும் பயின்று, 1955-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ரேடியோ ஏரியலின் பார்வை ஒரு திசையில் குறுகியும் மற்றொரு திசையில் நீண்டும் இருக்கும்போது, சூரியனின் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியே அளவிற்கு அகப்படுவதில்லை. ஒரு கீற்று முழுவதின் கூட்டுத்தொகையே கிடைக்கிறது. பல திசைகளில் எடுத்த கூட்டுத்தொகைகளிலிருந்து படத்தை மீட்கும் வழியை அவர் 1956-ல் வெளியிட்டார். பின்னர் 32 கிண்ண ஏரியல்களை நிறுவி, ஏறத்தாழ 11 ஆண்டுகள் நாள்தோறும் சூரியப் படம் எடுத்துவந்தார். 1967-ல் ரிடில் என்பவருடன் சேர்ந்து, ஃபூரியர் மாற்றம் என்னும் நீண்ட கணக்கைத் தவிர்க்கும் குறுக்குவழியையும் அளித்தார். அக்கால மின்னணுக் கணிப்பொறிகளின் மந்த வேகத்தை நோக்க, இது சிறிய உதவியன்று.

எக்ஸ் கதிரின் நிலையும் இதுவே. உடலின் வழியே செல்லும் கதிரை எதிர்ப்படும் திசுக்கள் அனைத்தும் சேர்ந்தே குறைக்கின்றன. கருவிக்குக் கிடைப்பது கூட்டுத்தொகை மட்டுமே. ஆசிரியர்கள் இதனைக் கரும்பலகையில் எளிதில் காட்டலாம். நான்கு கட்டங்கள் வரைந்து, மேல் வரிசையில் 1, 0 என்றும் கீழ் வரிசையில் 0, 1 என்றும் எழுதுக. எந்த வரிசையைக் கூட்டினும், எந்த நிரலைக் கூட்டினும் 1 வரும். எண்களை இடம் மாற்றி, மேலே 0, 1 என்றும் கீழே 1, 0 என்றும் எழுதினாலும் விடை மாறாது. மூலைவிட்டமாகக் கூட்டினாலன்றி வேறுபாடு புலப்படாது. 1971-ல் லண்டனில் முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்த ஹவுன்ஸ்பீல்டின் கருவி 180 கோணங்களில், கோணத்திற்கு 160 அளவுகள் எடுத்ததன் காரணம் இப்போது விளங்கும். அவர் கையாண்ட கணக்கு வேறு. பிரேஸ்வெல்லின் வழியையொத்த முறையை, எக்ஸ் கதிர்ப் படங்களுக்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களுக்கும் ஏற்றவாறு, அதே 1971-ல் ஜி. என். ராமச்சந்திரனும் ஏ. வி. லட்சுமிநாராயணனும் வெளியிட்டனர். பல்லாண்டுகள் சி.டி. கருவிகளில் நிலைத்தது இம்முறையே. 2007-ல் மறைந்த பிரேஸ்வெல்லை, அமெரிக்க மருத்துவக் கழகம் 1992-ல் தன் அயல்நாட்டு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. மருத்துவரல்லாத ஒருவருக்கு இது அரிய சிறப்பே.

இன்று நோயாளி மீது படும் கதிரின் அளவைக் குறைக்கும் பொருட்டுச் செயற்கை நுண்ணறிவு முறைகள் இத்துறையில் புகுந்துள்ளன. இத்தகைய முறைகள் சிலவற்றிற்கு 2019-ல் அமெரிக்க அரசு அனுமதி வழங்கியது. கோணங்களைக் குறைத்து அளந்து, விடுபட்டதைக் கணிப்பொறியைக் கொண்டு நிரப்பும் ஆராய்ச்சியும் நடைபெறுகிறது. ஆயிரக்கணக்கான பழைய படங்களில் பயின்ற அப்பொறி, தான் மிகுதியாகக் கண்ட அமைப்பையே தேர்ந்தெடுக்க முற்படும். சிறு கட்டி ஒன்று மறைந்துபோகலாம். இல்லாத கட்டி தோன்றவும் கூடும். வரைந்த படத்தை அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இதற்கென வகுத்த சோதனைகளுள் ஒன்று. ஆனால் மேற்கண்ட நான்கு கட்டங்களில் இரு விடைகளும் அச்சோதனையில் தேறிவிடும். எது உண்மையென அறிய, மூலைவிட்டத் திசையிலும் ஒருமுறை அளக்கவே வேண்டும்.