ளாத் எழுத்தும் நம் கடற்கரை வழக்கும்: மொழி வரலாற்றியல் ஓர் அறிமுகம்

மனிதர்தம் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாகத் திருமறையின் அர்ரூம் அத்தியாயம் சுட்டுகிறது. அறிவுடையோர்க்கு அதில் சான்றுகள் உள எனவும் அது கூறுகிறது. அரபுக் கல்லூரிகளில் பயிலும் நம் மாணவர்கள் ஸர்ஃபையும் நஹ்வையும் ஆண்டுக்கணக்கில் கற்கின்றனர். ஒரு சொல் இன்று எவ்வாறு அமையவேண்டும் என்பதை அவை கற்பிக்கின்றன. ஆனால், அச்சொல் முன்பு எவ்வாறு இருந்தது, ஏன் மாறியது, எவ்வழியே நம்மிடம் வந்தது என்னும் வினாக்கள் பாடவேளையில் எழுவது அரிது. இவ்வினாக்களுக்கு விடை காணும் துறையே மொழி வரலாற்றியலாகும்.

மாற்றம் என்றாலே சிதைவு என்றெண்ணும் மனப்போக்கு நம்மிடையே வேரூன்றியுள்ளது. அதற்குத் தக்க காரணமும் உண்டு. அரபு இலக்கணம் தோன்றியதே 'லஹ்ன்' எனப்படும் வழுவினின்று மொழியைக் காக்கும் பொருட்டாகும். எனினும், காப்பது வேறு, அறிவது வேறு. மாற்றத்தின் இயல்பை அறியாதார், பழமையைப் பிழையென்றும் பிழையைப் பழமையென்றும் மயங்க இடமுண்டு. அம்மயக்கத்திற்கு நம் கரையிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருப்பதைப் பின்னர்க் காண்போம்.

ஊர்ப்பெயரில் ஒரு பாடம்

ஆறுமுகநேரிக்கும் காயல்பட்டினத்திற்கும் இடையே, 1950களின் இறுதியில் எழுந்த வேதித் தொழிற்சாலையைச் சூழ்ந்து உருவான குடியிருப்பே சாகுபுரம். தொழிற்சாலையை நடத்திய வடநாட்டுக் குடும்பத்தின் பெயரே ஊருக்கு அமைந்தது. 'சாகு' என்பதன் வடிவத்தைச் சற்றே ஆராய்வோம். வடமொழியில் 'ஸாது' என்பது நல்லோனைக் குறிக்கும். பிராகிருதத்தில் இரு உயிர்களுக்கு இடைப்பட்ட இவ்வகைத் தகரம் ஹகரமாக நலிந்தது. 'ஸாது' 'ஸாஹு' ஆயிற்று. நல்லோன் எனும் பொருளும் நேர்மையான வணிகன் எனக் குறுகி, வணிகர் பட்டமாகவும் குடும்பப் பெயராகவும் நிலைத்தது. தமிழெழுத்தில் ஹகரத்தைக் ககரத்தால் எழுதுதல் மரபாதலின், நாம் 'சாகு' என எழுதுகிறோம். ஆக, எழுபது ஆண்டு அகவையும் நிரம்பாத ஓர் ஊர்ப்பெயருக்குள் ஒலிமாற்றம், பொருள்மாற்றம், எழுத்துமாற்றம் ஆகிய மூன்றும் அடங்கியுள்ளன. மொழி வரலாற்றியலின் முப்பெரும் பிரிவுகளும் இவையே எனலாம்.

ஒழுங்கே அடிப்படை

இத்துறையின் முதன்மைக் கொள்கை ஒன்றுண்டு. ஒலிமாற்றம் மனம்போன போக்கில் நிகழ்வதன்று. ஒரே சூழலில் ஒரே வகையில் நிகழ்வது. தமிழையும் கன்னடத்தையும் ஒப்பிடின் இது விளங்கும். கன்னடத்தில் காதினைக் 'கிவி' என்பர். நாம் 'செவி' என்கிறோம். அங்கு 'கேரி', இங்கு 'சேரி'. அங்குச் செந்நிறம் 'கெம்பு', இங்குச் 'செம்மை'. இகர, எகரங்களுக்கு முன் நின்ற பழைய ககரம் தமிழில் சகரமாயிற்று என்பது இதனால் பெறப்படும். அவ்வாறாயின் 'கேள்', 'கிளி', 'கெடு' என்பன ஏன் மாறவில்லை? அவற்றில் உயிரை அடுத்து ள, ட போன்ற நாவளை ஒலிகள் நிற்கின்றன. அவ்வொலிகள் மாற்றத்தைத் தடுத்துவிட்டன. விதிவிலக்குப்போல் தோன்றியதும் ஒரு விதிக்குட்பட்டதே என்பதே இங்கு நாம் பெறும் பாடம்.

அரபு மொழிக்கும் இஃதே முறை பொருந்தும். அரபியில் ஸலாம், எபிரேயத்தில் ஷாலோம். அரபியில் லிஸான், எபிரேயத்தில் லாஷோன். இஸ்ம் என்பது அங்கு ஷேம். அரபியின் ஸீன் நிற்குமிடத்தில் எபிரேயத்தில் ஷீன் வருவது தற்செயலன்று. அவ்வாறே குதிரை வீரன் அரபியில் ஃபாரிஸ், எபிரேயத்தில் பாராஷ். தொன்மையான பகர ஒலியை எபிரேயம் சொல்முதலில் காத்தது. அரபு அதனை ஃபே ஒலியாக மாற்றிக்கொண்டது. இன்று 'ஃபாத்திமா'வை நம் பாட்டிமார் 'பாத்திமா' என்பதும், 'ஃபகீர்' 'பக்கீர்' ஆனதும், ஃபே ஒலி தமிழில் இன்மையால் நேர்ந்தவை. ஒன்று தன் மொழிக்குள் நிகழ்ந்த மாற்றம்; மற்றொன்று கடன் பெறும்போது நிகழ்ந்த மாற்றம். இவ்விரண்டையும் வேறுபடுத்தியறிதல் இன்றியமையாதது.

இத்துறையின் வரலாற்றைக் கூறுவோர் 1786இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் ஆற்றிய உரையிலிருந்து தொடங்குவர். தென்னிந்திய மொழிகள் தனிக்குடும்பம் என்பதை 1816இல் எல்லிஸ் எடுத்துரைத்தார். நம் மாவட்டத்தின் அண்டையிலுள்ள இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் அதனை விரிவாக நிறுவியது. ஆயின், அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, அந்தலூசியப் பேரறிஞர் இப்னு ஹஸ்ம் (994-1064), சுர்யானி, எபிரேயம், அரபு ஆகிய மூன்றும் ஒரே மொழியாயிருந்து, பேசுவோர் இடம்பெயர்ந்தமையால் வேறுபட்டன என எழுதியுள்ளார். நிலத்திற்கு நிலம் பேச்சு மாறுவதைத் தம் காதாற் கேட்டு அம்முடிவிற்கு அவர் வந்தார். இப்னு கல்தூனும் தம் முகத்திமாவில், தம் காலத்து அரபுப் பேச்சு முளர் குலத்தாரின் மொழியினின்று வேறுபட்டிருந்தாலும் அதற்கும் தனி ஒழுங்கு உண்டு என வாதிட்டார். எனவே, இது நம் கல்வி மரபிற்கு அந்நியமான துறையன்று.

ரமலானும் ரம்ஜானும்

இனி, முன்னர்க் குறித்த எடுத்துக்காட்டிற்கு வருவோம். அரபியைத் 'ளாத்தின் மொழி' என்பர். அந்த ளாத் எழுத்து இடம்பெறும் சொற்கள் தமிழில் இரு வடிவங்களில் வழங்குகின்றன. ரமலான், ரம்ஜான், காழி, காஜி, ரிழ்வான், ரிஸ்வான் என்பன போல்வன. காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கை எனும் கடலோர வழக்கில் பர்ளு, உளூ, காழி என ளகர, ழகர, லகரங்களே பயில்கின்றன. இவை நாக்குத் திருந்தாதார் உச்சரிப்பு எனச் சிலர் எள்ளுவதும், அதனைக் கேட்டு இளைஞர் நாணுவதும் உண்டு.

இப்போது வேறு சில சொற்களைக் காண்போம். நீதிமன்றத்தில் 'ஆஜர்' ஆகிறோம், அது 'ஹாளிர்'. 'ஜாமீன்' கேட்கிறோம், அது 'ளாமின்'. பதவியை 'ராஜினாமா' செய்கிறோம். அதன் முற்பகுதி 'ராளீ', அதாவது இசைந்தவன். 'ஜில்லா' என்பதும் பக்கத்தைக் குறிக்கும் 'ளில்உ' எனும் சொல்லே. அரசாட்சி, வழக்கு சார்ந்த இச்சொற்கள் அனைத்திலும் ளாத்தின் இடத்தில் ஜகரம் நிற்கிறது. பாரசீகர் ளாத்தை 'ஸே' போன்ற அதிரொலியாக உச்சரிப்பர். பாரசீகத்தை ஆட்சிமொழியாகக் கொண்ட அரசுகள் வழியே தரைமார்க்கமாக வந்த இவற்றைத் தமிழ் நா ஜகரமாக்கிக்கொண்டது. ரம்ஜானும் காஜியும் இவ்வரிசையைச் சேர்ந்தவை.

ஆனால் பர்ளும் உளூவும் பாரசீக வழியாக வந்திருப்பின் அவற்றிலும் ஜகரமே நிற்கவேண்டும். அவ்வாறு இல்லாமையால், அவை வேறு வழியில் வந்தன என்பது தெளிவு. அது கடல்வழி. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் காயலைக் குறித்து எழுதிய மார்க்கோ போலோ, ஏடன் முதலிய அரபுத் துறைகளிலிருந்து குதிரைகளுடன் கலங்கள் இங்கு வந்தமையைப் பதிவு செய்துள்ளார். முத்துக்குளித்துறை வணிகம் அவர்களை ஈர்த்தது. கடலோர முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹபினராகவும், உள்நாட்டினர் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபினராகவும் இருப்பது இவ்விருவழி வரவிற்கு இயைபான மற்றொரு சான்றாகும்.

சரி, அரபியரிடமிருந்து நேரே பெற்றவர் ஏன் ளகரத்தைத் தேர்ந்தனர்? இன்றைய அரபியர் பலர் உச்சரிப்பதுபோல் ளாத் ஒரு கனத்த தால் ஒலியாக இருந்திருப்பின், தமிழர்க்குத் தகரமும் டகரமும் கைவசம் இருந்தன. அவற்றை விடுத்து ளகரத்தை எடுத்தமைக்குக் காரணம் இருத்தல் வேண்டும்.

இங்கு ஹிஜ்ரி 2ஆம் நூற்றாண்டு இலக்கணப் பேராசான் ஸீபவைஹி துணைக்கு வருகிறார். நாவின் ஓரமும் அதனை அடுத்த கடைவாய்ப் பற்களும் கூடுமிடமே ளாத்தின் பிறப்பிடம் என்கிறார் அவர். தஜ்வீத் நூல்கள் இன்றும் இதனையே கூறுகின்றன. மேலும், 'இத்பாக்' எனும் கனம் நீங்கினால் ஸாத் ஸீனாகிவிடும். ளாத்தோ இணையின்றி மொழியிலிருந்தே மறைந்துவிடும் எனவும் அவர் விளக்குகிறார். ளாத் தாலின் கனத்த வடிவமாக இருந்திருப்பின் அவர் இவ்வாறு கூறியிருக்க இயலாது. ஆக, அது நாவின் ஓரத்தே பிறந்த, லகரத்திற்கு இனமான ஒலியாகவே இருந்தது.

பிறமொழிச் சான்றுகளும் இதனை வலியுறுத்துகின்றன. 'அல்காளீ' எனும் சொல் ஸ்பானிய மொழியில் 'அல்கால்தே' ஆயிற்று; மேற்கு ஆப்பிரிக்காவின் ஹவுஸா மொழியில் 'அல்காலி' ஆயிற்று. இரண்டிலும் லகரம் புகுந்துள்ளது. மலாய் மொழியில் 'பர்ளு' என்பதிலிருந்து 'பெர்லு' எனும் சொல் தோன்றித் தேவையைக் குறிக்கிறது. ஆயின் மலாய்ச் சான்றைத் தனிச் சான்றாக எண்ணலாகாது. நம் கரையின் மரக்கலங்கள் வழியாகவே அது அங்குச் சென்றிருக்கக்கூடும். ஸ்பெயினுக்கும் ஹவுஸா நாட்டிற்கும் நமக்கும் அத்தகைய தொடர்பு இல்லை. தொடர்பற்ற மூன்று திசைகளில் ஒரே விளைவு காணப்படின், காரணம் மூலத்திலேயே இருந்தது எனக் கொள்வதே முறை. சவூதி அரேபியாவின் தென்மேற்கு மலைப்பகுதி வழக்குகள் சிலவற்றில் இவ்வோர ஒலி இன்றளவும் வாழ்வது இம்முடிவிற்கு அரணாகிறது.

இதனைக் கொண்டு, ஓதலில் ளாத்தை லாமாக ஒலிக்கலாம் என யாரும் முடிவு செய்துவிடலாகாது. தம் காலத்தில் ளாத்தைச் சிலர் ளோவாகவும் சிலர் கனத்த லாமாகவும் ஒலித்ததைக் குறிப்பிட்டுள்ள இப்னுல் ஜஸரீ (மறைவு 1429), அவை யாவற்றையும் கண்டித்துள்ளார். ஓதல், ஆசிரியரிடம் வாய்வழியாகக் கற்று வருவது. அதன் விதி வேறு. நாம் கூறுவது அன்றாடத் தமிழில் கலந்துவிட்ட சொற்களின் வரலாறு மட்டுமே. அவ்வகையில் 'பர்ளு' என்பது திருத்தப்படவேண்டிய பிழையன்று. பல நூற்றாண்டுகளுக்கு முன் நம் துறைகளில் ஒலித்த அரபுக் குரலின் எதிரொலியாகும்.

பொருளில் நிகழும் மாற்றம்

ஒலியைவிடப் பொருளே நம்மை எளிதில் ஏமாற்றும். 'நாற்றம்' என்பது முன்பு நறுமணத்தையும் குறித்தது; இன்று அவ்வாறு கூற இயலாது. 'பள்ளி' எனும் சொல் துயிலிடம், சமண பௌத்தத் துறவியர் உறைவிடம், கல்விக்கூடம் என வளர்ந்து நம் தொழுமிடத்திற்கும் பெயராயிற்று. அரபியில் 'ஸய்யாரா' இன்று மகிழுந்து; யூஸுஃப் அத்தியாயத்தில் அது வழிப்போக்கர் கூட்டம். 'கித்தார்' இன்று தொடர்வண்டி. முன்பு ஒட்டக வரிசை. இன்றைய அகராதியைக் கையிற்கொண்டு பழைய நூலைப் படிப்போர் சறுக்குவது இவ்விடங்களிலேதான்.

வடிவ ஒற்றுமையும் பொறிவைக்கும். 1572இல் இயற்றப்பட்ட 'ஆயிர மசலா' தமிழ் முஸ்லிம் இலக்கியங்களுள் இன்று முழுமையாகக் கிடைப்பவற்றில் மிகப் பழையது. அதிலுள்ள மசலா, வினாவைக் குறிக்கும் 'மஸ்அலா'. அடுக்களையின் மசாலாவோ 'மஸாலிஹ்' எனும் வேறு சொல்லிலிருந்து பாரசீகம், உருது வழியாக வந்தது. ஓசை ஒத்திருப்பது உறவுக்குச் சான்றாகாது. ஒழுங்கான ஒலி இயைபும் வரலாறுமே சான்றாகும். உலக மொழிகள் அனைத்தையும் ஒரு மொழிக்குள் அடக்கிக்காட்ட முயல்வோர் இவ்வடிப்படையை மறந்தவராவர்.

அரபுத்தமிழ் காத்திருக்கிறது

இக்கல்வியின் பயன் யாது என மாணவர் வினவக்கூடும். காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் அடங்கியுள்ள ஸதகத்துல்லாஹ் அப்பா (1632-1703) அவர்களின் காலந்தொட்டு, மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அவர்களின் 'ஃபத்ஹுத் தய்யான்' வரை நம் முன்னோர் வளர்த்த கல்விமரபில் அரபுத்தமிழுக்குத் தனியிடம் உண்டு. ட, ண, ள, ழ, ப போன்ற ஒலிகளுக்கு அரபு எழுத்துகளில் புள்ளிகள் கூட்டியும், எ, ஒ எனும் உயிர்களுக்குக் குறிகள் வகுத்தும் அவர்கள் அதனை அமைத்தனர். ஒரு ககரமே பல ஒலிகளுக்கு நிற்பது தமிழெழுத்தின் இயல்பு. அதே சொல்லை வேற்றெழுத்தில் எழுதுவோர், தம் செவியிற் கேட்ட ஒலியை ஒட்டி எழுத்தைத் தேர வேண்டியவராகிறார். ஆதலின் அரபுத்தமிழ் ஏடுகள் சமய நூல்கள் மட்டுமல்ல; அக்காலத் தமிழ்ப் பேச்சின் பதிவுகளுமாகும்.

அவற்றைத் தடையின்றி வாசிக்க வல்லோர் இன்று பெரும்பாலும் முதியோரே. எழுத்தைக் கற்றுக்கொடுப்பது எளிது. சில வாரங்கள் போதும். ஆனால் எழுத்தறிந்தும் சொல்லறியாதார் அவற்றைப் பதிப்பிக்க முற்படின், விளங்காத வடிவங்களையெல்லாம் எழுத்துப்பிழையெனக் கருதித் திருத்திவிடுவர். அத்திருத்தத்தோடு சான்றும் அழிந்துபோகும். ஏடு செல்லரித்து அழிவதினும் இது கொடிது. ஏனெனில் அழிந்தது யாதென்பதே பின்னர் வருவோர்க்குத் தெரியாமற் போகும்.

ஆகவே மாணவர்கள் இரண்டு பணிகளைத் தொடங்கலாம். ஒன்று, வீட்டிலுள்ள முதியோர் வழங்கும் சொற்களை, அவர்கள் ஒலிக்கும் வண்ணமே குறித்துவைத்தல். பாட்டனாரை அப்பா என்றும் தந்தையை வாப்பா என்றும் விளிக்கும் உறவுமுறைப் பெயர்கள் முதல், சமையல், கடல், சடங்கு சார்ந்த சொற்கள்வரை எதனையும் திருத்தாது எழுதுதல் வேண்டும். மற்றொன்று, அரபுத்தமிழில் ஒரு பக்கத்தையேனும் மூத்தோர் ஒருவரிடம் அமர்ந்து வாசித்தல். ஸீபவைஹி அரபியரின் நாவிலிருந்து கேட்டு எழுதியதனால்தான், ஆயிரத்திருநூறு ஆண்டுகள் கழித்து ஒரு மீனவர் ஊரின் 'பர்ளு'க்கு நம்மால் விளக்கம் கூற முடிகிறது. நம் காலத்துப் பேச்சைக் கேட்டு எழுதிவைக்கும் கடமை நம்முடையதே.